நாற்பத்தைந்து டிகிரி

ஜப்பானில் ஓகாக்கி என்ற ஊரில் போல்ட் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தெத்சுஜிக்கு, கையில் கிடைத்ததைக் கழற்றிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. டிவி முன்னால் கையை வீசி டென்னிஸ் ஆடும் விளையாட்டு ஒன்று வந்ததே, அதன் ரிமோட்டை வாங்கி வந்தவர் ஒரு நாள்கூட டென்னிஸ் ஆடவில்லை. சாப்பாட்டுக் குச்சியோடு சேர்த்துக் கட்டி, காற்றிலேயே மேளம் வாசித்தார். குளியலறைக் கதவில் ஒட்டி, யாராவது திறந்தால் கணினி கூவும்படி செய்தார். மனைவி மிசாவோ அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவளுடைய அப்பா இறந்து நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு. அவள் முதல் நாளே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "ரிமோட்டில் இந்தக் கம்பியை மட்டும் பற்றவைத்துவிட்டுக் கிளம்பலாம்" என்று உட்கார்ந்த மனிதர் தலைதூக்கியபோது சாயங்காலம். அடித்துப் பிடித்து ஓடினார். மந்திரம் சொல்ல வந்த பிக்குவே கிளம்பிப் போயிருந்தார். மச்சான் கியோகாசுவின் முன்னால், கோழி கொத்துவதுபோல் தலையை ஒரு வெட்டு வெட்டினார்.

"இதுக்குப் பேரு மன்னிப்பா, மாப்பிள்ளை? இல்ல கழுத்துல சுளுக்கா?"

மிசாவோ அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள். இவர் ரிமோட்டை எடுத்தார். அதை முதுகில் துணிப்பட்டையால் கட்டிக்கொண்டு குனிந்தால், முறையான மன்னிப்புக்கு அந்த ஊர் வழக்கமான நாற்பத்தைந்து டிகிரி வந்ததும் ஒருமுறை அதிரும்படி செய்தார். ஐந்து விநாடி கழித்து மறுபடி அதிர்ந்தால் நிமிரலாம். மூன்று வாரம் பயிற்சி செய்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டுக்குள் கட்டிக்கொண்டு புறப்பட்டார். அதை இயக்கும் மடிக்கணினி தெருவில் நின்ற காரில் இருந்தது. பாய் விரித்த அறையோ மச்சான் வீட்டின் கடைக்கோடியில். கணினியின் அலை அவ்வளவு தூரம் எட்டாது என்பது அந்தப் பெரிய மூளைக்கு உறைக்கவில்லை.

அண்ணன், தங்கை இருவர் முன்னாலும் மண்டியிட்டுக் குனிந்தார். அதிரவில்லை. இன்னும் குனிந்தார். மூக்கு பாயில் பட்டது. அப்படியே கிடந்தார்.

"போதும் மாப்பிள்ளை, எழுந்திருங்க!" என்று கியோகாசு பதறினார்.

"இன்னும் சொல்லலையே" என்றார் பாயைப் பார்த்து.

"யாரு சொல்லணும்?"

மிசாவோ எழுந்து வந்து கோட்டைத் தூக்கிப் பார்த்தாள். "அண்ணா, அந்தச் சனியனை முதுகுல கட்டிட்டு வந்திருக்காரு!"

கியோகாசு வாயைப் பொத்திக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை. பட்டையை அவிழ்த்து ரிமோட்டைத் தரையில் வைத்தாள்.

"குனியறதுக்குமா மெஷினு? மூணு வாரமா இதைத்தான் செஞ்சீங்களா? வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா? எங்கிட்ட வேணாம். அப்பாகிட்ட சொல்லுங்க."

மாமனாரின் படம் ஊதுபத்திக்குப் பின்னால் இருந்தது. தெத்சுஜி அந்தப் பக்கம் திரும்பினார். மூன்று வாரத்தில் ஒரு வார்த்தைகூட அவர் தயார் செய்திருக்கவில்லை.

"மாமா... உங்க நாளை மறந்துட்டேன். கம்பி பெரிசாப் போச்சு எனக்கு. மன்னிச்சிடுங்க."

குரல் உடைந்தது. தலை தானாகத் தாழ்ந்தது. எத்தனை டிகிரி என்று அவருக்கே தெரியாது. அவர் நிமிர்ந்தபோது மிசாவோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.