கராக்ஸஸுக்கு மூன்று விரல்

சிதம்பரத்தில் எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி செய்முறைத் தேர்வு. ஆறு மேசை, மேசைக்கு ஒரு உயிரினம், பெயரைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். மணி அடித்தால் அடுத்த மேசை. முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்கு விரலால் விடை காட்டிவிட்டுப் போவது எங்கள் வகுப்பின் எழுதாத சட்டம். பட்டாம்பூச்சி மேசையில் ஒரு விரல் என்றால் பாபிலியோ இனம், மூன்று என்றால் கராக்ஸஸ் இனம்.

எனக்குப் பின்னால், காட்டுமன்னார்கோயிலிலிருந்து தினமும் என்னோடு டவுன் பஸ்ஸில் வரும் நண்பன். போன தடவை இதே தேர்வில் ஃபெயில். இந்தத் தடவை தேறினால்தான் கடலூர்ப் பள்ளி ஒன்றில் அவனுக்கென்று வைத்திருக்கும் வேலை கிடைக்கும்.

“பாத்து காட்டு மச்சான், ஒன்ன நம்பித்தான் வந்துருக்கேன்” என்றான்.

நாங்கள் பட்டாம்பூச்சியைப் பார்த்துப் படித்தவர்கள் அல்ல. துறையின் பழைய பூச்சிப் பெட்டியில் ஊசி குத்தி, இறக்கை அரித்துப் போயிருப்பது கராக்ஸஸ், அவ்வளவுதான் எங்கள் படிப்பு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், பாழாய்ப்போன மனுஷன், பெட்டியைத் தொடவே இல்லை. நான்காவது மேசையில் வலைக்கூண்டுக்குள் உயிரோடு ஒன்றை விட்டிருந்தார். கறுப்பு இறக்கை, குறுக்கே வெளிறிய மஞ்சள் பட்டை, கீழே வால். பெட்டியில் இருந்ததற்கு வாலே கிடையாது, எப்போதோ உடைந்திருக்க வேண்டும். வால் இருந்தால் பாபிலியோதான் என்று எழுதினேன். மணி அடித்தது. ஒரு விரலைக் காதோரம் வைத்துக் காட்டிவிட்டு நகர்ந்தேன்.

ஐந்தாவது மேசையிலிருந்து திரும்பிப் பார்த்தால், அது கூண்டின் தரையில் இறங்கி அழுகிய வாழைப்பழத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பூவை விட்டுவிட்டு அழுகல் பழத்துக்கு வருவது கராக்ஸஸ் என்று நோட்ஸில் ஒரு வரி உண்டு. விடைத்தாள் என் கையில்தானே இருந்தது, அடித்துவிட்டு மாற்றி எழுதினேன்.

அவன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். இருமினேன். நிமிர்ந்தான். தேர்வாளரும் நிமிர்ந்தார். என் மூன்று விரலும் மேசைக்கடியில் விரிந்தபடியே நின்றன. தூக்கியிருந்தால் அவர் என் தாளைப் பிடுங்கியிருப்பார். என் தாளுக்காகத்தான் பயந்தேன், வேறு சாக்குச் சொல்ல மாட்டேன். மணி அடித்தது.

கடைசி மேசை வரை தேர்வாளர் கண் என்னைவிட்டு நகரவில்லை. வெளியே வந்ததும் மற்றவர்கள் சொல்லி, அது கராக்ஸஸ் என்று அவனுக்கும் தெரிந்துபோனது. ஒரு மாதம் கழித்து, இருவரும் ஒரு வேலையாகச் சிதம்பரம் போகையில், பஸ் லால்பேட்டையைத் தாண்டும்போது போனில் முடிவு வந்தது. நான் தேறிவிட்டேன். அவனுக்கு ஒரே ஒரு மார்க்கில் போயிற்று.

“நீயாவது தப்பிச்சியே மச்சான். அந்தப் பூச்சில ஒனக்கும்தான மார்க் போச்சு, நீ என்னா பண்ணுவ” என்றான்.

“ஆமாண்டா, எனக்கும்தான் போச்சு” என்றேன்.