மூன்றாவது மேட்ச்

கோயமுத்தூர் மில் டீம்களின் வாலிபால் லீக்கில் முன்பெல்லாம் ஃபைனல் ஒரே ஆட்டம்தான். தோற்றவர்கள் சண்டைக்கு வந்ததால், மூன்றில் இரண்டு ஜெயித்தால்தான் கோப்பை என்று மாற்றினார்கள்.

தொண்ணூறுகளில் ஒரு வருடம், ஃபைனலில் எங்கள் மில் டீமும் எதிரணியும் ஆளுக்கொன்று ஜெயித்திருந்தோம். மூன்றாவது ஆட்டத்துக்குள் எதிரணியின் மில்லைப் பூட்டிவிட்டார்கள். ஓடாத மில்லுக்கு ஏது டீம் என்று கமிட்டி கோப்பையை எங்களுக்கே அறிவித்தது. நாங்கள் விசிலடித்தோம்.

அப்போது எதிரணி கேப்டன் ரங்கசாமி தன் ஆட்களோடு மைதானத்துக்குள் வந்தார். பனியனில் மில் பெயரைப் பிரித்தெடுத்த இடத்தில் தையல் தடம் மட்டும் இருந்தது.

"ஏனுங்க, கோப்பைய நீங்களே வெச்சுக்குங்க. ஆட்டத்த மட்டும் ஆடிப்போடலாமுங்களா? ஊட்டுல சும்மா உக்கார முடியலீங்க."

ஆடினோம். ஒரு செட்கூட அவர்கள் எங்களுக்கு விடவில்லை. பிறகு வரிசையாக நின்று, நாங்கள் கோப்பை வாங்கும்போது கைதட்டினார்கள்.

"வாரேனுங்க. அடுத்த வருசம் பாக்கலாமுங்க" என்றார் ரங்கசாமி.

அடுத்த வருடம் லீக்கே நடக்கவில்லை. எங்கள் மில் கேட்டிலும் பூட்டுத் தொங்கியது. எங்கள் பெயர் பொறித்த அந்தக் கோப்பை உள்ளேயே மாட்டிக்கொண்டது. அந்த வருடம் யார் ஜெயித்தது என்று யாராவது கேட்டால், ரங்கசாமி டீம் என்றுதான் இன்றும் சொல்கிறேன்.