ஆளுக்கு இரண்டு படி

சண்டைக் காலம். மைசூரில் அரிசி, ராகி எல்லாம் ரேஷன் கார்டுக்குத்தான். எங்கள் கார்டில் நாலு பேர். நான், வீட்டுக்காரர், இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டுக்காரருக்கு ரயில் பட்டறையில் வேலை. சம்பளம் ஒன்றாம் தேதி.

எனக்குக் கணக்கு எழுத வராது. மூன்றாம் வகுப்போடு சரி. ஆகையால் காசைக் கையில் வைத்துக்கொள்ள மாட்டேன். சம்பளத்தன்றே வாடகையைக் கொடுத்துவிடுவேன். உப்பு, புளி, மிளகாய், எண்ணெய், விறகு எல்லாம் மாதத்துக்கும் வாங்கிப் போட்டுவிடுவேன். ரேஷனுக்கு மட்டும் சில்லறை முடிந்து வைப்பேன். அப்புறம் வீட்டில் காசு இருக்காது. காசு இல்லாவிட்டால் செலவும் இல்லை. தினமும் ராகி மாவை ஒரே டம்ளரால் அளந்து களி கிண்டுவேன். டம்ளர்தான் எனக்குக் கணக்கு.

அது ஒரு தசராவில் கெட்டது. வீட்டுக்காரரின் அண்ணன் சமஸ்தான எல்லைக்கு அந்தப் பக்கம் ராமாபுரத்திலிருந்து குடும்பத்தோடு ஊர்வலம் பார்க்க வந்தார். ஏழு பேர். பத்து நாள் இருந்தார்கள். குறை வைக்காமல் ஆக்கிப் போட்டேன். அவர்கள் போனபோது பானையில் ஒன்றுமில்லை. கள்ள விலைக்கு ராகி வாங்கினோம். கடன் ஏறிற்று. என் மூக்குத்தி போயிற்று. எல்லாம் அடைய அடுத்த ஆடி ஆயிற்று. இன்னொரு தடவை கடன் ஏறினால் விற்பதற்கு அவருடைய சைக்கிள்தான் இருந்தது. பட்டறைக்கு மூன்று மைல்.

அடுத்த தசராவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அண்ணனிடமிருந்து கடிதம். அவருக்குப் படிப்பு இல்லை, ஊர் வாத்தியார் எழுதிக் கொடுப்பார். போன வருசம் போலவே எல்லோரும் வருகிறோம் என்று எழுதியிருந்தது.

"வர வேண்டாம்னு எழுதுங்க" என்றேன்.

"அண்ணனுக்கா? என்னால ஆகாது."

"அப்ப எதப் போடறது?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நானே எழுதினேன். எழுத்துக் கூட்டி எழுத ஒரு பகல் பிடித்தது. எல்லோரும் வாங்க, இங்கே ராகி அளந்துதான் போடுகிறார்கள், ஆளுக்கு இரண்டு படி கொண்டு வாங்க, இல்லாவிட்டால் வர வேண்டாம். அவ்வளவுதான் எழுதினேன். கவருக்குத் தபால் கார்டைப் போல இரண்டு பங்கு விலை. கார்டில் எழுதிப் போட்டேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

பதில் இல்லை. தசரா தொடங்கிவிட்டது. தெருவில் மூட்டையோடு யார் வந்தாலும் எட்டிப் பார்த்தேன். டம்ளரைத் தலை தட்டி அளந்தேன். பெரியவள் இன்னும் கொஞ்சம் என்றாள். இல்லை என்றேன்.

மூன்றாம் நாள் மதியம் அண்ணன் வந்தார். தனியாக. கரியில் ஓடும் பஸ்ஸின் புகை முகமெல்லாம் படிந்திருந்தது. தோளில் ஒரு தலையணை, கக்கத்தில் ஒரு தலையணை. பட்டறை லீவு, வீட்டுக்காரரும் இருந்தார்.

"வாங்கண்ணா. எங்க அண்ணி, பிள்ளைக எல்லாம்?" என்றார் வீட்டுக்காரர்.

அண்ணன் செருப்பைக் கழற்றவில்லை. தலையணைகளை வாசல்படிக்கு உள்ளே போட்டார். தொம்மென்று விழுந்தன.

"பதினாலு படி. அளந்து பாத்துக்கச் சொல்லு உம்பட பொண்டாட்டிய."

"என்னண்ணா இது?"

"ஏனம்மிணி, சொல்லு உம்பட புருசனுக்கு."

சொன்னேன். மறைக்கவில்லை. வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை.

"கேட்டதுக்கு இல்லீடா தம்பி" என்றார் அண்ணன். "தபால்காரன் கார்டக் கொண்டாந்து காப்பிக் கடையில குடுத்தான். வாத்தியார் அங்கயே படிச்சாரு. பத்துப் பேரு உக்காந்திருந்தாங்க. இல்லாட்டி வர வேண்டாம்ங்கறத ரெண்டு தடவ படிச்சாரு. இப்ப ஊருல எம்பேரு என்ன தெரியுமா? ரெண்டு படி. 'ரெண்டு படி வாராரு, எடம் உடுங்கடா'ங்கறானுக."

சின்னவள் சிரித்துவிட்டாள். அவளை உள்ளே தள்ளினேன்.

"எல்லையத் தாண்டி ராகி கொண்டாரக் கூடாதாமா. சாவடியில என்னய்யா அதுன்னான். தலகாணிங்கன்னேன். இந்த வயசுல திருட்டுப்பயலாட்டம் நின்னேன்."

சொம்பை நீட்டினேன். "தண்ணி குடிங்க மாமா."

"அதுவும் அளந்ததா?"

வாங்கவில்லை. நின்றபடியே திரும்பிப் போனார். வீட்டுக்காரர் தெருமுனைவரை பின்னால் ஓடினார். தனியாகத் திரும்பி வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"கவர்ல போட்டிருக்கலாம்" என்றார்.

தலையணைகளை மூலையில் வைத்துவிட்டு, தொடாதே என்றார்.

அந்த மாதக் கடைசியில் ரேஷன் டிப்போவில் ராகி வரவில்லை. நாளைக்கு வா என்றார்கள். மூன்று நாள் அதையே சொன்னார்கள். மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. பானையில் இரண்டு டம்ளர் மாவு. அவர் சைக்கிளை வெளியே எடுக்கும்போது கேட்டேன்.

"வட்டிக்கு வாங்கட்டுமா, தலகாணியப் பிரிக்கட்டுமா?"

சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் நகரவில்லை.

"பிரி" என்றார்.

அண்ணி நன்றாகப் புடைத்துக் கட்டியிருந்தார். பதினாலு படியில் ஒரு கல் இல்லை. திருகையில் போட்டு அரைத்தேன். சாயங்காலம் களி வைத்தேன். அவர் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்டார்கள். போட்டேன்.

ஒன்றாம் தேதி யாருக்கும் பாக்கி இல்லை. வாடகை கொடுத்துவிட்டு சாமான் வாங்கக் கிளம்பினேன்.

"நான் ஊருக்குப் போய்ட்டு வரணும்" என்றார்.

பஸ் கூலி எந்தக் கணக்கிலும் இல்லை. எதை நிறுத்தலாம் என்று பார்த்தேன். உப்பை நிறுத்த முடியாது. விறகை நிறுத்த முடியாது. எண்ணெய்க்கு வைத்ததை எடுத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை வந்தார். கால் கழுவும்வரை பொறுத்தேன்.

"பேசுனாரா?"

"உள்ள வான்னாரு."

"வேற?"

"அண்ணிகிட்டச் சொன்னாரு, தம்பி எத்தன வேளைக்கு இருப்பான்னு கேட்டுக்க, அப்பறம் ஒலைய வெய்யின்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரெண்டு வேளன்னேன்."

"சிரிச்சாரா?"

"அண்ணி சிரிச்சாங்க. அவரு சிரிக்கல. எனக்கு எல போட்டது அவருதான்."

அந்த மாதம் முழுக்க எங்கள் குழம்பில் தாளிப்பு இல்லை.