நாலாவது கவுன்சிலரும் மஞ்சள் நாற்காலியும்

போர்ட் ஹாலன் நகரத்தின் ஒன்பதாம் வார்டில் கவுன்சிலர்கள் ஓய்வு பெறுவதில்லை, உள்ளே போவார்கள். பெர்னடீன் வொய்டாஸ் ஓட்டுப் போட ஆரம்பித்த காலத்திலிருந்து மூன்று பேர் போயாகிவிட்டது. முதலாமவர் மதுக்கடை லைசென்ஸுக்குக் கை நீட்டினார். இரண்டாமவர் செத்துப்போன மச்சானை நாலு வருஷம் நகராட்சிச் சம்பளப் பட்டியலில் உயிரோடு வைத்திருந்தார். மூன்றாமவர், தெருவில் நிற்கும் கார்களைக் கொக்கி போட்டு இழுத்துப்போகும் கம்பெனியில் ரகசியப் பங்காளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை நடந்துகொண்டிருக்கும்போது பாதிரியாரின் காரையே இழுத்துப்போய்விட்டார்கள். அதோடு அவர் கதை முடிந்தது.

மூன்று பேருக்கும் கடிதம் எழுதியவள் பெர்னடீன். ஜூரி குற்றவாளி என்று சொன்ன பிறகு, எத்தனை மாதம் என்று நீதிபதி முடிவு செய்வதற்கு முன்னால், தெரிந்தவர்கள் நீதிபதிக்கு நற்சான்றுக் கடிதம் எழுதுவது வழக்கம். கல்யாணத்துக்கு மொய் எழுதுகிற மாதிரி வார்டே எழுதும். "ஈக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர், தெய்வ பயமுள்ளவர், என் வாழ்நாளில் கண்ட மிக நேர்மையான மனிதர்." பெர்னடீனின் கடிதம் இவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் பெயரை மட்டும் மாற்றுவாள். மூன்றாவது முறை ஓரிடத்தில் முதலாமவரின் பெயரை மாற்ற மறந்துபோனாள். நீதிபதி வெர்னான் டில்மன் அதை நீதிமன்றத்தில் சத்தமாகப் படித்துவிட்டு, "இந்த அம்மாவுக்கு நேர்மையானவங்க நிறையப் பேரைத் தெரிஞ்சிருக்கு," என்றார். வார்டு அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்தது.

பெர்னடீன் பொய் சொல்லிப் பிழைத்தவள் அல்ல. பள்ளிக்கூடக் கேண்டீனில் முப்பத்தோரு வருஷம் சமைத்தவள். அவள் கணவன் காஸ் நகராட்சிக் குப்பை லாரி ஓட்டினான். மாலை நேரத்தில் அவள் கட்சியின் தெருப் பொறுப்பாளர். தேர்தலன்று படுத்துக் கிடக்கிறவர்களையும் காரில் ஏற்றிக்கொண்டுபோய் ஓட்டுப் போட வைப்பாள். யார் வீட்டு முன் நடைபாதை உடைந்திருக்கிறது, யார் பையனுக்கு வேலை இல்லை, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கவுன்சிலரிடம் கேட்டு வாங்கிக்கொடுப்பாள். கேட்கவேண்டும், கிடைக்கவேண்டும், ஓட்டுப் போடவேண்டும். கவுன்சிலர் உள்ளே போனால் கடிதமும் எழுதவேண்டும், அது மரியாதை. இதில் என்ன தப்பு என்று அவளைக் கேட்டால், உங்களுக்கு வார்டு என்றால் என்னவென்றே தெரியாது என்பாள்.

நாலாவதாக மாட்டிக்கொண்டவன் லியோ புகாய். அவள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. ஒரு கட்டடக் கான்டிராக்டர், போலீஸ் சொல்லி, சட்டைக்குள் ஒலிப்பதிவுக் கருவியை ஒட்டிக்கொண்டு வந்து, ஜாம் வைத்த டோனட் பெட்டிக்கு அடியில் ஒரு பண உறையை வைத்துக் கொடுத்திருக்கிறார். ஒலிநாடாவில் முதல் நாற்பது நிமிஷம் லியோ டோனட் சாப்பிட்டுக்கொண்டே அந்த ஆளின் அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறான். பிறகுதான் உறையை எடுக்கிறான். கேட்டுக்கொண்டிருந்த ஜூரிக்குப் பசி எடுத்தது என்றுகூடச் சொல்வார்கள். ஆனாலும் குற்றவாளி என்றுதான் சொன்னார்கள். விதிப்படி முப்பது மாதம். குறைப்பதும் குறைக்காததும் நீதிபதி கையில். நீதிபதி அதே டில்மன்.

முதல் மூன்று பேருக்குப் பெர்னடீன் மரியாதைக்கு எழுதினாள். லியோவை அவளுக்கு நிஜமாகவே பிடிக்கும். அதுதான் இப்போது சங்கடம்.

லியோவின் வக்கீல் மோரா டெவ்லின் ஒரு சனிக்கிழமை காலை வீட்டுக்கே வந்துவிட்டாள். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, பெர்னடீன் எழுதி வைத்திருந்த கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து ஓரமாக வைத்தாள்.

"மிஸ்ஸஸ் வொய்டாஸ், இது வேணாம்."

"ஏம்மா, பேரைச் சரியாத்தானே போட்டிருக்கேன்? ரெண்டு தடவை பார்த்தேனே."

"பேர் சரிதான். ஆனா நேர்மையானவர், நல்லவர்னு நீங்க எழுதினா டில்மன் சிரிச்சுடுவார். உங்களை அவர் மறக்கலை. குணம் வேணாம், சம்பவம் வேணும். லியோ உங்களுக்கு என்ன செஞ்சார்? நடந்ததை நடந்தபடி எழுதுங்க."

"அவ்வளவுதானா? அதுக்குப் பேப்பர் பத்தாதே!"

உற்சாகமாக உட்கார்ந்து எழுதினாள். மோரா காபியை முடிப்பதற்குள் இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது. மோரா சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

"உங்க அக்கா பையனுக்குத் தண்ணீர் துறையில வேலை வாங்கிக் குடுத்தார். பரீட்சை எழுதினானா?"

"எழுதினான். பாவம், பெயிலாயிட்டான். அதான் லியோகிட்ட சொன்னேன்."

சிவப்புக் கோடு. "அடுத்தது, மாதா கோயில் படிக்கட்டுக்குச் சிமெண்ட் போட்டுத் தந்தார். யார் சிமெண்ட்?"

"நகராட்சிது. மிச்சம் இருந்ததாம்."

சிவப்புக் கோடு. "பின்கட்டு மரத்தை வெட்டித் தந்தது?"

"நகராட்சி ஆளுங்கதான். நாலு பேர், கிரேனோட வந்தாங்க. எவ்வளவு பொறுப்பா வெட்டினாங்க தெரியுமா! நான்தான் எல்லாருக்கும் சூப் வெச்சுக் குடுத்தேன்."

மோரா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பார்க்கிங் அபராதச் சீட்டுகள் காணாமல்போனது, காஸின் சவ ஊர்வலத்துக்கு இரண்டு போலீஸ் மோட்டார் சைக்கிள் முன்னால் போனது, பெரும்பனியில் பிரசவ வலி கண்ட பெண்ணைப் பனி தள்ளும் வண்டியில் ஏற்றிப்போனது, எல்லாவற்றின் மேலும் கோடு விழுந்தது.

"அந்தப் பொண்ணை ஏத்திட்டுப் போனதுமா குத்தம்?"

"அது குத்தமில்லை. ஆனா போற வழியில லியோவோட மச்சினன் வீட்டு வாசல் பனியையும் தள்ளிட்டுப் போனதா நீங்களே எழுதியிருக்கீங்க."

"வழியிலதானே இருந்துச்சு!"

"மிஸ்ஸஸ் வொய்டாஸ், இந்தக் கடிதத்தை நீதிபதிகிட்ட குடுத்தா முப்பது மாசம் அறுபதாயிடும். எதிர்த்தரப்பு உங்களுக்கு மாலை போட்டுக் கூட்டிட்டுப் போவாங்க. நகராட்சிப் பொருள் இல்லாம, நகராட்சி ஆள் இல்லாம, யாரையும் கூப்பிட்டுச் சொல்லாம, அவர் தன் கையால செஞ்சது ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு போதும்."

பெர்னடீன் யோசித்தாள். லியோ கவுன்சிலராக இருந்த பதினாலு வருஷத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. பிடித்த மனிதனைப்பற்றிச் சொல்ல ஒரு நல்ல காரியம்கூட இல்லை. அடுப்படிக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். ஜன்னல் வழியே தெரு தெரிந்தது. காஸின் பழைய கார் நின்றிருந்தது. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது, விற்கவும் மனம் வரவில்லை.

"நாற்காலி," என்றாள்.

"என்ன நாற்காலி?"

காஸ் பிப்ரவரியில் செத்துப்போனான். அந்த மாதம் நாலு முறை பனி கொட்டித் தீர்த்தது. சவ ஊர்வலத்துக்கு அவன் காரை எடுத்துப்போன அக்கா பையன் ஒரு மாதம் திருப்பித் தரவில்லை. கார் நின்ற இடம் காலியாகக் கிடந்தது. அந்த ஊரில் பனியைத் தோண்டி இடம் பண்ணியவன் அங்கே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டால் அந்த இடம் அவனுடையது, வேறு யாரும் வண்டியை நிறுத்தமாட்டார்கள். நாலு முறையும் விடிந்ததும் ஜன்னல் வழியே பார்த்தால் லியோ தன் சொந்த மண்வாரியால் அந்த இடத்தைத் தோண்டிக்கொண்டிருப்பான். தோண்டி முடித்து, தன் வீட்டுச் சமையலறை நாற்காலியை, மஞ்சள் பிளாஸ்டிக் இருக்கை போட்டதை, நடுவில் வைத்துவிட்டுப் போவான். வாசல் மணி அடிக்கமாட்டான், கை காட்டமாட்டான். காஸின் இடத்தில் வேறொருவன் காரைப் பார்க்கவேண்டி வரவில்லை அவளுக்கு.

"இதை ஏன் முதல்லயே எழுதலை?" என்றாள் மோரா.

"நான் கேக்கலையே. கேட்டுச் செஞ்சதைத்தானே உதவின்னு எழுதுவாங்க?"

மோரா சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். பிறகு, "சட்டப்படி தெருவுல நாற்காலி போடறதும் குத்தம்தான்," என்றாள்.

"உங்க வீட்டுல போடமாட்டீங்களா?"

"போடுவோம். எழுதுங்க."

தண்டனை சொல்லும் நாள். நீதிமன்றம் முழுக்க ஒன்பதாம் வார்டு. லியோ தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தான், பத்துக் கிலோ இளைத்திருந்தான். நீதிபதி டில்மன் கடிதக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"மிஸ்ஸஸ் வொய்டாஸ் வந்திருக்காங்களா? முன்னால வாங்கம்மா. பழைய கடிதம் மூணும் என்கிட்ட இருக்கு. இது வேற மாதிரி இருக்கு. பதினாலு வருஷ கவுன்சிலர். ஒரே ஒரு நாற்காலிதானா?"

"நிறைய இருந்துச்சுங்க ஐயா. வக்கீலம்மா எல்லாத்தையும் அடிச்சுட்டாங்க."

"ஏன்?"

"எல்லாம் குத்தமாம்."

மோரா கண்ணை மூடிக்கொண்டாள். வார்டு சிரித்தது. நீதிபதி தாடியைத் தடவுகிற சாக்கில் வாயை மறைத்துக்கொண்டார். அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். சின்ன வயசு, இஸ்திரி கலையாத கோட்டு.

"யுவர் ஆனர், ஒரு நாற்காலிதானே. யாராவது அதை நகர்த்திட்டு வண்டியை நிறுத்தியிருக்கலாம். இதுல என்ன பெரிய..."

நீதிமன்றமே திரும்பி அவரைப் பார்த்தது. காவலரும் பார்த்தார். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"நீங்க எந்த ஊரு?" என்றார் நீதிபதி.

"அரிசோனா, ஐயா. பாலைவனப் பக்கம்."

"ம். வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க."

அவர் காது சிவந்தது. ஆனால் விடவில்லை, அதற்காக அவரை மெச்சத்தான் வேண்டும். பெர்னடீன் பக்கம் திரும்பி மரியாதையாகவே பேசினார். "மேடம், அடிச்சுட்டாங்கன்னு சொன்னீங்களே, அதெல்லாம் உங்க வரிப்பணம். உங்களுடையதை எடுத்து உங்களுக்கே குடுத்துட்டு உங்ககிட்டயே நன்றி வாங்கிட்டார். புரியுதா?"

"புரியுது தம்பி. அவனுக்கு முன்னால இருந்த மூணு பேரு அதைக்கூடக் குடுக்கலை."

வார்டு கைதட்டியது. நீதிபதி மேஜையைத் தட்டினார். இந்த முறை அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அந்த மூணு பேருக்கும் மிக நேர்மையான மனிதர்னு எழுதிக் குடுத்தது யாரு?"

கைதட்டல் சட்டென்று நின்றது. எழுபத்திரண்டு வயசில், அக்கம்பக்கத்தார் அத்தனை பேர் முன்னால், என்ன சொல்வது? மழுப்பலாம், வயசாகிவிட்டது, ஞாபகமில்லை என்றுகூடச் சொல்லலாம். லியோ முதல்முறையாகத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"நான்தாங்க ஐயா. அது மூணும் பொய். லியோவும் நேர்மையானவன் இல்லை, காசை வாங்கினான். அது எனக்கும் தெரியும். ஆனா அந்த நாற்காலி நிஜம்."

நீதிபதி கடிதத்தை இன்னொரு முறை படித்தார். முப்பதை இருபதாக்கினார். குறைத்ததற்குக் காரணம் என்ன என்று அவர் சொல்லவில்லை. வார்டுதான் சொல்லிக்கொண்டது, நாற்காலிக்காலுக்கு இரண்டரை மாதம் வீதம் நாலு காலுக்குப் பத்து என்று.

லியோ உள்ளே போன நவம்பரிலேயே பனி விழுந்துவிட்டது. பெர்னடீன் கேண்டீன் காலத்துப் பூட்ஸை மாட்டிக்கொண்டு, காஸின் மண்வாரியை எடுத்துக்கொண்டு, மூன்று வீடு தள்ளி நடந்தாள். லியோவின் கார் நிற்கிற இடத்தைத் தோண்ட அரைநாள் ஆனது, நடுவில் நாலு முறை உட்கார்ந்தாள். முடித்ததும் லியோவின் மனைவியிடம் மஞ்சள் நாற்காலியை வாங்கி நடுவில் வைத்தாள். ஒருவரும் தொடவில்லை. மூன்றாம் நாள், புதிதாக வந்த நகராட்சி இன்ஸ்பெக்டர் ஒருவன் அதன்மேல் அபராதச் சீட்டை ஒட்டிவிட்டுப் போனான். அவனும் வெளியூராகத்தான் இருக்கவேண்டும்.

அன்று மாலையே புதுக் கவுன்சிலர் போன் செய்தாள். முப்பது வயசுப் பெண், கெட்டிக்காரி, பெர்னடீனே வீடு வீடாக ஏறி ஜெயிக்க வைத்தவள்.

"மிஸ்ஸஸ் வொய்டாஸ், சீட்டைப் பத்திக் கேள்விப்பட்டேன். என் ஆபீஸுக்கு அனுப்பிடுங்க, நான் பார்த்துக்கறேன்."

"நீ பார்த்துக்காதே கண்ணு."

"ஐயோ, இதெல்லாம் ஒரு விஷயமா?"

"வேணாம்மா. இன்னொரு கடிதம் எழுத என் கையில தெம்பு இல்லை."

மறுநாள் பஸ் ஏறி நகராட்சிக் கட்டடத்துக்குப் போனாள். அந்தக் கட்டடத்தில் அவளுக்குத் தெரியாத அறை கிடையாது. கவுன்சிலர் அறை, தண்ணீர் துறை, மரம் வெட்டுகிறவர்கள் டீ குடிக்கும் இடம்கூடத் தெரியும். அபராதம் கட்டுகிற ஜன்னல் எங்கே என்று மட்டும் தெரியவில்லை. வாசல் காவலரிடம் கேட்டாள். அவர் அவளை முப்பது வருஷமாகப் பார்த்து வருகிறவர். தலைமுதல் கால்வரை ஒரு முறை பார்த்துவிட்டு, "உடம்பு சரியாத்தானே இருக்கு, பெர்னி?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கேன். வழியைச் சொல்லு."

வரிசையில் நின்று கட்டினாள். ரசீதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது மறுபடி பனி விழ ஆரம்பித்திருந்தது. நேரே லியோ வீட்டு முன்னால் போய், நாற்காலியின்மேல் விழுந்திருந்த பனியைக் கையுறையால் துடைத்து, காற்றில் கொஞ்சம் நகர்ந்திருந்ததை நடுவில் நேராக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.