விழ மறுத்த சித்திரமாயன்

"எதிர்ப்பவர்கள் ஆரும் உண்டோ?" என்று ஆண்டுக் கூட்டத்தில் புலம்பெயர் தமிழ்ச் சங்கத் தலைவர் கதிர்காமநாதன் ஒரு வழமைக்குத்தான் கேட்டார். அவர் பதவியை விட்டு இறங்குகிறார்; மகன் வசீகரன் ஏறுகிறான். பாட்டனி டவுன்ஸ் சமூக மண்டபத்தின் கடைசி வரிசையில், பேருந்து ஓட்டுநர் சீருடையோடு நேரே வேலையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த யோகராணி கையைத் தூக்கினாள். ஒரே ஒரு கை. வடைத் தட்டுகள் சுற்றி வந்துகொண்டிருந்ததால் மற்றவர்களுக்குக் கை ஒழியவில்லை.

"என்ன பிள்ளை, கேள்வியோ?"

"இல்லை ஐயா. எதிர்ப்பு."

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே கலைவிழா நாடகத்தில் அவளுடைய வேஷமும் முடிவாயிற்று.

"அப்ப எங்களுக்குச் சித்திரமாயன் கிடைச்சிட்டான்," என்றான் வசீகரன். "யோகராணி அக்காவை விட்டா எதிர்க்க ஆர் இருக்கினம்?"

நாடகம் பல்லவர் கதை. காஞ்சியில் அரசன் இறந்தபின் அரியணைக்கு நேர் வாரிசு யார் என்பதில் குழப்பம். பெரியவர்கள் கூடி, தொலைவில் இருந்த கிளைக் குடும்பத்துச் சிறுவன் ஒருவனை அழைத்து வந்து நந்திவர்மன் என்று முடிசூட்டினார்கள். உரிமை தனக்கே என்ற சித்திரமாயன், பாண்டியன் துணையோடு வந்து, நந்தி தங்கியிருந்த நந்திபுரத்தை முற்றுகையிட்டான். நந்தியின் தளபதி உதயசந்திரன் அவனை வெட்டிக் கொன்றான். வென்றவர்களின் செப்பேட்டில் அவன் வெட்டுண்டவனாக மட்டும் இருக்கிறான். வாய் திறந்து என்ன சொன்னான் என்று ஒருவரும் எழுதவில்லை.

நாடகத்தை எழுதிய கதிர்காமநாதனும் எழுதவில்லை. சித்திரமாயனுக்கு அவர் கொடுத்தது ஓர் அலறல். நந்திவர்மனுக்கு மூன்று பக்க வசனம். சிறுவன் நந்தியாக நாற்பது வயது வசீகரன் நடிப்பதில் யாருக்கும் சங்கடமில்லை. சங்கத்தில் அரசன் வேஷம் எப்போதும் தலைவர் வீட்டுக்குத்தான். கிரீடமே அவர்கள் வீட்டு அலுமாரியில்தான் இருக்கிறது.

யோகராணி வேஷத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. பாபடோயிட்டோ தரிப்பிடத்தில் பேருந்தை நிறுத்தி ஓய்வெடுக்கும் இடைவெளிகளில், சித்திரமாயனுக்கு ஒரு பேச்சைத் தானே கட்டினாள். அவளுக்கு அதில் ஒரு பழைய கணக்கு இருந்தது. அகதியாக வந்து இறங்கிய காலத்தில், தன் கதை முழுவதையும் ஓர் அதிகாரி முன் மூச்சு முட்டச் சொல்லி முடித்தாள். மொழிபெயர்க்க வந்தவர் அதை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். விசா கிடைத்தது. ஆனாலும் அந்த ஒற்றை வசனம் அவள் தொண்டையில் இன்னும் கிடக்கிறது. அதற்குப் பிறகு அவள் எந்த இடத்திலும் தன் பேச்சை இன்னொருவர் சுருக்க விட்டதில்லை.

சங்க நாடகங்களில் மேடையில் யாரும் பேசுவதில்லை. வசனத்தை முன்கூட்டியே பதிந்து ஓடவிடுவார்கள். நடிப்பவர்கள் வாயை மட்டும் அசைக்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளின் தமிழ் மேடையில் தடுமாறும் என்பதற்காக வந்த பழக்கம், பெரியவர்களுக்கும் வசதியாகிவிட்டது. வசீகரனின் கராஜில் யோகராணியும் தன் பேச்சைப் பதிந்தாள். கடைசி ஒத்திகையில் ஒலிப்பதிவு ஓடியபோது அந்தப் பேச்சைக் காணவில்லை. வாள் மோதும் சத்தம், அவளுடைய அலறல், உடனே வெற்றி நாதஸ்வரம்.

நேரே கதிர்காமநாதனிடம் போனாள். "என்ர பேச்சு எங்கை ஐயா?"

"நேரம் காணாது பிள்ளை. சனம் சாப்பாட்டுக்குப் போகவேணும்."

"மூண்டு பக்கம் பேசுற அரசனுக்குப் பசிக்காதோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்டு கேக்கிறன். மகன் தலைவரா வரக்கூடாது எண்டு கை தூக்கினனீர். சித்திரமாயன் வாரிசு உரிமை கேட்டு வந்தவன். நந்திதான் சபை தெரிஞ்செடுத்த ஆள். இப்ப நீர் எந்தப் பக்கம்?"

நல்ல கேள்விதான். யோகராணிக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை.

"நான் அவனுக்கு முடி கேக்கேல்லை ஐயா. சாகிறதுக்கு முதல் கதைக்க விடுங்கோ எண்டுதான் கேக்கிறன்."

"பதிவு முடிஞ்சுது," என்றார் அவர். கதையும் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

வீடு திரும்பும்போது மகள் ராகவி காரை ஓட்டிக்கொண்டே, பேசாமல் செத்து விழும்படி ஆங்கிலத்தில் சொன்னாள்: "ஜஸ்ட் டை, அம்மா. இட்ஸ் எ ப்ளே."

"பாப்பம்," என்றாள் யோகராணி.

கலைவிழா அன்று மண்டபம் நிரம்பியிருந்தது. முற்றுகைக் காட்சி. உதயசந்திரனாக வந்தவன் டெயரி என்கிற மூலைக்கடை நடத்தும் நிமலன். வெள்ளித்தாள் சுற்றிய வாளை ஓங்கி இரண்டு தரம் வெட்டினான். ஒலிபெருக்கியில் யோகராணியின் குரல் அலறியது. மேடையில் யோகராணி நின்றாள்.

நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. பூத்தூவும் சிறுமிகள் வந்து, உயிரோடு நின்ற பிணத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வசீகரன் அரியணையிலிருந்து எழுந்து, "பகை ஒழிந்தது!" என்ற பதிவுக்கு வாயசைத்தான். பகை அவனுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

"அக்கா, விழுங்கோ," என்று நிமலன் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான்.

"விழமாட்டன்."

"ரண்டு தரம் வெட்டிட்டன்!"

"இன்னும் வெட்டு."

வெட்டினான். வாள் நடுவில் மடிந்து தொங்கியது. யோகராணி மேடையின் விளிம்புக்கு நடந்து வந்து வாய் திறந்தாள்.

ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்த சுரேந்திரா பிஜிக்காரன். தமிழில் நாலைந்து சொல்தான் அவனுக்குத் தெரியும். மேடையில் ஒருத்தி வாயசைக்கிறாள், ஒலிபெருக்கியில் ஆண்குரல் வருகிறது. தன் கருவியில்தான் பிழை என்று பதறி, பதிவை நிறுத்திவிட்டு, மேடையில் தொங்கிய மைக்கை முழுதாகத் திறந்துவிட்டான். முதல் வரிசையிலிருந்து கதிர்காமநாதன் இரண்டு கைகளையும் வீசினார். சத்தம் போதவில்லை என்கிறார் என்று நினைத்து, இன்னும் கூட்டினான்.

"காஞ்சிப் பெரியவர்களே!" யோகராணியின் குரல் கூரையில் பட்டுத் திரும்பியது. "நீங்கள் கூடினீர்கள், முடிவெடுத்தீர்கள். கதவுக்கு வெளியே நின்ற என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? என் உரிமை பொய்யாக இருக்கலாம். பொய் என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் கதவை அடைத்தீர்கள். அதனால்தான் படையோடு வந்து தட்டுகிறேன். நாளைக்கு என்னைத் துரோகி என்று செப்பேட்டில் வெட்டுவீர்கள். வெட்டுங்கள். ஆனால் கேட்டுவிட்டு வெட்டுங்கள்!"

அரசன் வசீகரன் கிரீடம் சரிய, வாயை எப்படி அசைப்பது என்று தெரியாமல் நின்றான். யோகராணி நிமலன் பக்கம் திரும்பினாள்.

"இப்ப வெட்டு, தம்பி."

நிமலன் மடிந்த வாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வாளைக் கீழே போட்டான். அப்போது முன்வரிசையில் ஒரு கைதட்டல் கேட்டது. ராகவி எழுந்து நின்றிருந்தாள்.

திரைக்குப் பின்னால் கதிர்காமநாதன் காத்திருந்தார். "அடுத்த வருசம் உமக்கு வேஷம் இல்லை."

யோகராணி ஒட்டுமீசையைப் பிய்த்து அவர் கையில் கொடுத்தாள். "பறவாயில்லை ஐயா. ஆண்டுக் கூட்டத்துக்கு வேஷம் தேவையில்லைத்தானே. கை இருந்தாப் போதும்."