சட்டைக் காட்டில் இலைப்பூச்சி

அந்த மழைக்காட்டின் ஓரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு முகாம் இருந்தது. வாரா வாரம் முப்பது பிள்ளைகளுக்குக் குறையாமல் வந்து இறங்குவார்கள். ஐந்து நாள் தங்கி மரம், பூச்சி, பறவை எல்லாம் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்கள் சேறாக்கிக் கொடுக்கும் துணிகளைத் துவைப்பது சலவை அக்காவின் வேலை. கணவருக்கு அங்கே வேன் ஓட்டும் வேலை கிடைத்ததால் நகரத்திலிருந்து கூடவே வந்தவள். வந்து பதினோரு வருடமாகியும் காட்டுக்குள் ஓர் அடி எடுத்து வைத்ததில்லை. காரணம், அட்டை.

"ரத்தம் குடிக்கிற ஒண்ணைத் தேடிப் போய்ப் பார்க்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" என்பாள்.

அவள் போகாவிட்டால் என்ன, காடு அவளைத் தேடி வந்துகொண்டுதான் இருந்தது, சட்டைப் பைகள் வழியாக. காட்டிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று வாசலிலேயே பலகை உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பலகையெல்லாம் ஒரு பொருட்டா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் பைகளைத் துழாவாமல் துணியை மெஷினில் போட்டுவிட்டாள். யாருடைய பையிலோ முற்றிய இலவங்காய் இருந்திருக்கிறது. அது உள்ளே வெடித்துப் பஞ்சாகி, நாற்பது சட்டையும் செம்மறியாட்டுக் கூட்டம்போல் வெளியே வந்தன. அதிலிருந்து துழாவாமல் ஒரு துணி உள்ளே போகாது. கொட்டை, இறகு, நத்தை ஓடு எல்லாம் கிடைக்கும். ஒருமுறை பாதி பிஸ்கட்டும், அதைத் தூக்கிக்கொண்டு குடிபெயர்ந்துகொண்டிருந்த எறும்புகளும் கிடைத்தன.

முகாமின் வழிகாட்டிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் உஷ் சார். வாயைத் திறந்தால் முதலில் 'உஷ்' என்றுதான் வரும். மனிதருக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் ஏக்கம், இலைப்பூச்சி. அச்சு அசலாக இலையைப் போலவே இருக்கும் பூச்சி அது. ஆறு வருடமாகப் படத்தைக் காட்டி, "இன்னிக்குப் பார்த்துடலாம்" என்று பிள்ளைகளை அழைத்துப் போவார். பார்த்தபாடில்லை.

அன்றும் மூன்று மணி நேரம் தேடி, தொப்பலாக நனைந்து, வெறுங்கையோடு திரும்பினார்கள். சேற்றுத் துணிகள் சலவை அறைக்கு வந்தன. அக்கா பைகளைத் துழாவினாள். ஒரு சட்டையிலிருந்து கொய்யா இலை ஒன்று வந்தது. தரையில் போட்டாள். இரண்டு நிமிடத்தில் அது இஸ்திரி மேசைமேல் இருந்தது. காற்று தூக்கியிருக்கும் என்று தட்டிவிட்டாள். மறுபடி மேசைமேல்.

"ஏய், உன்னைக் கீழ போட்டேன்ல?" என்று இலையைக் கேட்டாள்.

இலை ஆறு காலை ஊன்றி, அவளை நோக்கி ஆடி ஆடி நடந்து வந்தது.

அவள் போட்ட கூச்சலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்த கணவர் ஓடி வந்தார். இலை நடப்பதைப் பார்த்ததும் மனைவியைக் காப்பாற்றுவதை ஒத்திவைத்துவிட்டு ஸ்டூல்மேல் ஏறிக்கொண்டார். பின்னாலேயே "உஷ், உஷ்" என்று வந்த உஷ் சார் மேசையை எட்டிப் பார்த்தார். பிறகு ஜன்னல் கண்ணாடி அதிர, "இலைப்பூச்சீ!" என்று அலறினார். முப்பத்திரண்டு பிள்ளைகளும் திமுதிமுவென்று உள்ளே வந்துவிட்டார்கள்.

அந்த அமளியில் பூச்சி காணாமல் போனது. காணாமல் போவதற்கு அதைவிடத் தோதான இடம் வேறில்லை. முகாமின் சீருடை இலைப் பச்சை. மழையென்று அறைக்குள்ளேயே கட்டிய கொடிகளில் அறுபது சட்டைகள் தொங்கின. கொதிநீர் ஆவி வேறு மூடுபனி போலக் கவிந்திருந்தது.

"யாரும் வேகமா நடக்காதீங்க. கால் வைக்கிற இடத்தைப் பார்த்து வைங்க" என்று உஷ் சார் பழைய குரலுக்குத் திரும்பினார்.

பிள்ளைகள் வரிசையாக, குனிந்து, சட்டைகளுக்கு இடையே புகுந்தார்கள். ஜன்னல் மூலையில் சிலந்தி, மீட்டர் பெட்டிமேல் குளவியின் மண்கூடு, சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் இரண்டு பல்லி முட்டை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். "இத்தனை பேரோடவா இவ்வளவு நாளா குடித்தனம் நடத்துறேன்!" என்று அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

கடைசியில் பல்லுக்குக் கம்பி போட்ட சின்னப் பெண் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "டிரைவர் அங்கிள், அசையாதீங்க. உங்க காலர்ல இருக்கு."

ஸ்டூல்மேல் நின்றவர் சிலையானார். "ஏம்மா... எடுத்துடேன்... உனக்குப் புண்ணியமா போகும்."

எடுக்கலாமென்று போன உஷ் சார் ஆறு வருட ஆசையில் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். அக்காதான் பல்லைக் கடித்துக்கொண்டு விரலை நீட்டினாள். பூச்சி ஏறிக்கொண்டது. ஏறியதோடு சரி, இறங்க மறுத்துவிட்டது.

"இவ்வளவுதானா? ஒரு கனமும் இல்லையே!" என்றாள்.

எடுத்த இடத்திலேயே விட வேண்டுமே! யார், எங்கே எடுத்தது என்று உஷ் சார் கேட்டதும் கம்பிப் பல்லுக்காரி, "ஓடைக்கு அந்தப் பக்கம், கொய்யாச் செடியில. நான் இலைன்னு நினைச்சுத்தான் சார் எடுத்தேன்" என்று விசும்பினாள். பூச்சியோ அக்காவின் விரலை விடுவதாக இல்லை. விரலைத் தனியாக அனுப்ப முடியாதே! அக்கா கணவருடைய ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கையை விளக்குப்போல் நீட்டியபடி காட்டுக்குள் நடந்தாள்.

நாலு அட்டை கடித்தது. பிள்ளைகள் ஒவ்வொன்றையும் சத்தம் போட்டு எண்ணினார்கள். "ஆன்ட்டி, எனக்கு ஒன்பது!" என்று ஒருவன் ஆறுதல் சொன்னான். அவளுக்கோ விரலைத் தவிர வேறெதிலும் கவனமில்லை. கொய்யாச் செடியருகே போனதும் பூச்சி தானாகவே கிளைக்கு மாறி, நாலு எட்டு வைத்து, இலையோடு இலையானது.

"சரி, சாப்பிட நேரமாச்சு" என்றார் உஷ் சார்.

"கொஞ்சம் இருங்க சார், அந்த மூணாவது இலை அசைஞ்ச மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

எந்தப் பக்கத்திலிருந்து மூன்றாவது என்பதில் பிள்ளைகளுக்குள் சண்டை வந்தது. தூரத்தில் வேன் ஹாரன் மூன்று முறை அடித்து அலுத்து நின்றது. ஒருவரும் நகரவில்லை.

அன்று ஒரு துணியும் துவைத்தாகவில்லை. காய்ந்த சட்டைகளும் தேடும்போது தரையில் விழுந்து மிதிபட்டிருந்தன. மறுநாள் காலை முப்பத்திரண்டு பேரும் சேற்றுச் சட்டையோடேதான் சாப்பிட வந்தார்கள், பரிசு வாங்கியவர்களைப்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.