மூன்றாம் முறை வராதவள்

காசியம்மாள் வந்ததும் ஸ்பேனரை எடுப்பதில்லை. கைபம்பின் இரும்பு உடம்பில் இடது காதை ஒட்டிவைத்து, பக்கத்தில் நிற்பவளிடம் பம்பை நாலு அடி அடிக்கச் சொல்கிறாள். கண்ணை மூடிக்கொள்கிறாள். நூற்றுப் பத்தடி ஆழத்தில் கம்பி ஏறி இறங்கும் சத்தம் அவளிடம் ஏதோ சொல்லிவிடுகிறது. "மேல் வாஷரு நல்லாக்கீது. கீழ்தான் கிழிஞ்சி தொங்கிகினு கீது" என்கிறாள். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

ஆரணிக்கு ஆறு மைலில் புங்கந்தாங்கல் அவள் ஊர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. படிப்பு மூன்றாம் வகுப்பு. வேலைக்குக் கிளம்பினால் புடவைமேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வாள். கழற்றும் நட்டுகளை ஒரு முறத்தில் வரிசை மாறாமல் அடுக்குவாள். யாராவது முறத்தை அரை முழம் நகர்த்தினால் கோபம் மூக்கின் மேல் வந்துவிடும். பஸ்ஸில் இரும்புக் கிளாம்புகளைக் கீழே வைக்க மாட்டாள், மடியில்தான். பம்பைச் சுற்றிச் சேறு நின்றால் வேலையைத் தொடவும் மாட்டாள். முதலில் கால்வாய் கீறி, வழியும் தண்ணீர் பாய்கிற இடத்தில் நாலு வாழைக்கன்றோ கீரையோ போட வேண்டும். "தண்ணி இல்ல தண்ணி இல்லன்றீங்க. இது இன்னாவாம்?" என்று சேற்றைக் காட்டுவாள்.

இந்த வேலைக்கு அவள் வந்தது 1983ஆம் வருஷத்துக் கோடையில். ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கிணறுகளில் சேறுதான் மிச்சம். ஊருக்கிருந்த ஒரே கைபம்பு மாசிக் கடைசியில் நின்றுபோயிற்று. அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்தார்கள். எழுபது ஊருக்கு ஒரு ஜீப், ஒரு மெக்கானிக்; முறைப்படிதான் வர முடியும் என்று பதில் வந்தது. அதில் பொய்யும் இல்லை. நாற்பத்தொரு நாள் பெண்கள் இரண்டு மைல் தள்ளியிருந்த கரும்புத் தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்தார்கள். அங்கே மோட்டார் ஓடினால் தண்ணீர். கரண்டு போனால் காலிக் குடத்தோடு திரும்ப வேண்டியதுதான்.

ஒருவழியாக ஜீப் வந்த அன்று காசியம்மாள் மெக்கானிக்கின் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எந்த நட்டு முதலில், எது பிறகு, பைப்பை எந்த இடத்தில் பிடிக்கிறார்கள் என்று மனத்தில் எழுதிக்கொண்டாள். அவர் வீசிய பழைய வாஷரைப் பொறுக்கி எடுத்துப் பார்த்தாள். கிண்ணம்போல் மடிந்த, உள்ளங்கையளவு தோல். "ஒரு செருப்புத் தோலுக்காவ ஊரே நாக்கு வறண்டு கெடந்துது" என்று இன்றைக்கும் ஆறாமல் சொல்வாள்.

மூன்றே வாரத்தில் பம்பு மறுபடி நின்றது. இந்தத் தடவை அவள் மனு எழுதச் சொல்லவில்லை. ஆரணிக் கடைத்தெருவில் செருப்புத் தைப்பவரிடம் தோல் துண்டு வாங்கி வந்தாள். அதை ஊறவைத்து, அரிசி அளக்கும் ஆழாக்கின்மேல் இழுத்துக் கட்டிக் காயவைத்து, கடலையெண்ணெயில் போட்டாள். கொல்லர் சடையப்பன் அவள் தரையில் கோடு போட்டுக் காட்டியபடி இரண்டு கிளாம்பு அடித்துக் கொடுத்தார். ஒரு பைப்பைக் கழற்றும்போது மற்றவை கீழே போகாமல் பிடித்துக்கொள்ளும் கவ்வி அது. சைக்கிள் கடையில் ஸ்பேனர் இரவல் கிடைத்தது.

பஞ்சாயத்துத் தலைவர் மணவாளன் தடுத்தார். நல்ல மனிதர்தான், அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. "பைப்பு நழுவி உள்ள உழுந்துச்சின்னா போரே பூடும். அப்பால யாரும்மா பதில் சொல்றது?"

"இப்ப மட்டும் தண்ணி வருதுங்களா தலைவரே? உழுந்தா நான் சொல்றேன் பதில்" என்றாள் காசியம்மாள். சொல்லிவிட்டாளே தவிர, அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பைப்புகளைக் கயிறு கட்டி மேலே இழுக்க எட்டுப் பேர் வேண்டும். ஏழு பெண்கள் வந்தார்கள். எட்டாவதாகச் சாவித்திரியைக் கூப்பிடக் காசியம்மாளுக்கு மனமில்லை. சாவித்திரி பட்டு நெசவுக்குத் தார்க்குச்சியில் இழை சுற்றிப் பிழைப்பவள். உள்ளங்கை சொரசொரத்தால் பட்டிழை மாட்டி அறுந்துவிடும். பிறகு யாரும் வேலை தரமாட்டார்கள். தண்ணீர் எடுக்கப் போனால்கூடத் துணி சுற்றித்தான் கயிற்றைத் தொடுவாள். அவளோ கூப்பிடாமலே வந்து, எல்லோருக்கும் முன்னால் நின்று கயிற்றைப் பிடித்தாள்.

ஆறு பைப்புகள் ஒழுங்காக மேலே வந்தன. ஏழாவதில் கிளாம்பு வழுக்கியது. பைப்பு ஒரு முழம் சடாரென்று உள்ளே இறங்க, கயிறு கைகளை உரித்துக்கொண்டு ஓடியது. பின்னாலிருந்த இருவர் விழுந்தார்கள். சாவித்திரி கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, குதிகாலைத் தரையில் ஊன்றி, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கயிறு நின்றது. அந்த ஒரு கணத்தில் காசியம்மாள் இரண்டாவது கிளாம்பைக் கீழே கொடுத்து முறுக்கினாள். 

பிறகு சாவித்திரியின் கையைப் பிரித்துப் பார்த்தாள். தோல் வழன்று சதை தெரிந்தது.  போதும், வீட்டுக்குப் போ என்றாள்.

"இன்னும் அஞ்சு பைப்பு கீதேக்கா. இஸ்து முடிச்சிட்டே போறேன்" என்று சாவித்திரி முந்தானையைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

பொழுது சாயும்போது பம்பு முதலில் துருவைக் கக்கியது. அப்புறம் தெளிந்த தண்ணீர். தலைவர் மணவாளன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊர்க் குடமெல்லாம் நிறையும்வரை தானே அடித்தார். சாவித்திரியால் பன்னிரண்டு நாள் பட்டைத் தொட முடியவில்லை. தார் சுற்றத் தெரிந்த பெண்கள் முறைவைத்து அவள் வீட்டுக்கு வந்து சுற்றிக் கொடுத்தார்கள். அவளுக்கு வரும் வேலை ஒன்றுகூட வேறு கைக்குப் போகவில்லை.

சேதி பரவிப் பக்கத்து ஊர்ப் பெண்கள் காசியம்மாளைத் தேடி வந்தார்கள். இந்த நாலு வருஷத்தில் பத்தொன்பது ஊர் போயிருக்கிறாள். போவதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். முதல் தடவை அவள் கழற்றுவாள், அந்த ஊர்ப் பெண்கள் இழுக்க வேண்டும். இரண்டாம் தடவை அவர்கள் கழற்ற வேண்டும், அவள் பக்கத்தில் நிற்பாள். அதற்குமேல் வரமாட்டாள். ஏன் இவ்வளவு கறார் என்று கேட்டதற்குச் சிரிக்காமல் சொன்னாள்: "மூணாவது வாட்டியும் நானே போய் நின்னா, நானும் ஒரு ஜீப்பு. அவ்ளோதான்."

போன பங்குனியில் படவேட்டுக் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில், மலையடி ஊரொன்றில் பம்பைச் சுற்றிக் கூட்டம் தெரிந்தது. அவள் இரண்டு தடவை போய்வந்த ஊர்தான். பைப்பெல்லாம் வெளியே கிடந்தன. அவளைக் கண்டதும் ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்தாள். காசியம்மாள் மெல்ல விடுவித்துக்கொண்டு புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தாள்.

அவர்களே புது வாஷரை எடுத்தார்கள். பொன்னியம்மாள் என்ற ஒருத்தி அதைத் தலைகீழாக வைத்துவிட்டாள். காசியம்மாள் பாதி எழுந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். பொன்னியம்மாள் ஒரு கணம் யோசித்து, நாக்கைக் கடித்து, தானே அதைத் திருப்பிப் போட்டாள். ஊருக்குப் போகும் கடைசி பஸ் ரோட்டில் புழுதி கிளப்பிப் போயிற்று. காசியம்மாள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

தண்ணீர் வந்தது. பெண்கள் சிரிப்பும் சத்தமுமாக வரிசையில் நின்றார்கள். முதல் குடம் நீதான் பிடிக்க வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு குடத்தை இரவல் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.